ரேடியோ மாப்பிள்ளை

மாமனார் வீட்டில் ஒரு மருமகன் சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டு. "அதை நான் பாத்துக்கிறேன் மாமா" என்பதுதான் அது. சோறு போதும் என்று சொல்லலாம். போதாது என்றுகூடச் சொல்லலாம். அவர்கள் வீட்டு நாயைத் திட்டலாம். (அவர்கள் பெண்ணைத் திட்டுவது பற்றி எனக்குத் தெரியாது. அந்த அளவுக்குத் தைரியம் இன்னும் வரவில்லை.) ஆனால் 'நான் பாத்துக்கிறேன்' என்று வாயை விட்டுவிட்டால், அதற்கப்புறம் உலகத்தில் எந்த மூலையில் எது பழுதானாலும் அது உங்கள் தலையில்தான் விடியும். எனக்கு விடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில், ஒரு தெருவே வேடிக்கை பார்க்க.

நான் தேனியில் ஒரு வாகன இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எந்த லாரி எதில் மோதியது, எந்தப் பக்க விளக்கு உடைந்தது என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் தட்டி ஏற்றுவது என் வேலை. என் மனைவி ஈஸ்வரிக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கத்தில் காமயகவுண்டன்பட்டி. சம்பந்தம் பேசும்போது தரகர், "மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர்ல வேலை" என்று சொல்லிவிட்டார். பொய் இல்லைதான். மேசையில் கம்ப்யூட்டர் இருந்தது, எதிரே நாற்காலியில் நான் இருந்தேன். ஆனால் ஊருக்குள் நான் 'கம்ப்யூட்டர் மாப்பிள்ளை' ஆகிவிட்டேன். செல்போன், மிக்ஸி, தோட்டத்து மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி எல்லாம் என் இலாகாவில் சேர்ந்தன. ஒருமுறை அந்த ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ம்ம்" என்று மட்டும் சொன்னேன். மோட்டார் தானாக ஓடிவிட்டது. அப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா?

என் மாமனார் முருகேசனுக்குத் திராட்சைத் தோட்டம். எதிர்வீட்டுச் சின்னச்சாமிக்கும் அதேதான். ஒரு காலத்தில் இருவரும் கூட்டாகக் கோட்டயத்துக்குத் திராட்சை அனுப்பியவர்கள். கோட்டயத்து வியாபாரி ஒருநாள் முதலில் சின்னச்சாமிக்குப் போன் செய்து விலை பேசிவிட்டார் என்பதில் பிரிந்தார்கள். (இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று நானும் விசாரித்துப் பார்த்தேன். இல்லை.) அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. அவர் வீட்டுக்கு நீலம் அடித்தால் இவர் பச்சை அடிப்பார். அவர் ஒரு கம்பெனி உரம் போட்டால் இவர் அந்தக் கம்பெனி மூட்டையைக் கையால்கூடத் தொடமாட்டார்.

இந்தச் சமயத்தில்தான் ஈஸ்வரியின் தங்கை மகா வீட்டில் ஒரு குண்டைப் போட்டாள். வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சென்னைக்குப் போனவள், படிப்பை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்றாள். மாமா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டார் என்றால் நேரடியாகப் பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். அவள் தன் அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, போன் செய்யும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, சுவரைப் பார்த்து, "அங்கன மழையாம்ல? கொடை இருக்கான்னு கேளு" என்பார்.

அப்புறம் மகாவுக்கு ஒரு வெப் சீரிஸில் போலீஸ் வேடம் கிடைத்தது. அத்தை பயந்துகொண்டே சொன்னார். மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"போலீசா? எஸ்.ஐ.யா, ஏட்டா?"

"கான்ஸ்டபிளாம்."

"சரி. எடுத்த எடுப்புல எஸ்.ஐ. ஆக்க மாட்டாக. போகப் போகத்தான் குடுப்பாக."

அந்த ஒரு வார்த்தையில் வீடே குளிர்ந்துவிட்டது. மகாவை வரச் சொல்லலாம் என்றார். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, கிடா வெட்டி, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம் என்றார். பழைய டிவி சின்னது, பெரிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு.

"இது சாதா டிவில வராதாம்ல மாப்ள. என்னமோ ஆப்புல வருமாம்ல?"

சொன்னேனே அந்த வாக்கியம். அதைச் சொன்னேன்.

கம்பத்தில் டிவி வாங்கப் போனபோது மாமா என் காதருகே வந்து ஒரு நிபந்தனை போட்டார். "எது வேணாலும் எடுங்க மாப்ள. எதிர்த்த வீட்டுல இருக்குற கம்பெனி மட்டும் வேணாம்." கடைக்காரர் முதலில் காட்டியதே அந்தக் கம்பெனிதான். நான் அதை ஏதோ அழுகிய தக்காளியைத் தள்ளுவது மாதிரித் தள்ளிவிட்டு, பக்கத்தில் இருந்ததைக் காட்டி, "இதுல எல்லா ஆப்பும் வரும்ல?" என்று கேட்டேன். "வரும் சார்" என்றார். நான் மேற்கொண்டு கேட்டது ஸ்டாண்டு வருமா, சுவரில் மாட்டலாமா என்றுதான். மகா நடித்த அந்த ஆப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கம்ப்யூட்டர் மாப்பிள்ளை அப்படியெல்லாம் கேட்டால் மரியாதையா?

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் ஈஸ்வரியும் தேனியிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது வீடு கல்யாண வீடாக இருந்தது. புது டிவிக்குச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். குச்சனூரிலிருந்து ஈஸ்வரியின் பெரியப்பா, லோயர் கேம்ப்பிலிருந்து அத்தையின் தங்கை குடும்பம், தெருக்காரர்கள் பாதிப் பேர். மகா முந்தின நாளே வந்திருந்தாள். ஒரு மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாமா அவளிடம் இன்னும் பேசவில்லை. ஆனால் அவள் தட்டில் இட்லி குறைந்தால், "இங்கன இட்லி வைக்கச் சொல்லு" என்று பொதுவாக வீட்டைப் பார்த்துச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டுப் பேசிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆக, அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் பாக்கி இருந்தது நான் மட்டும்தான்.

ரிமோட்டை வாங்கினேன். விரல்களை நெட்டி முறித்தேன். (இதைச் செய்திருக்கவே வேண்டாம்.) டிவியில் ஆப்புகள் இருக்கும் பக்கத்தைத் திறந்து தேடினேன். கோழி வளர்க்கும் விளையாட்டு இருந்தது. மீன் தொட்டி மாதிரி மீன் காட்டும் ஆப் இருந்தது. தெரியாத தேசத்து மொழிகளில் செய்தி இருந்தது. மகா இருக்கும் ஆப் மட்டும் இல்லை. எழுத்துப் பிழையோ என்று எல்லா விதமாகவும் எழுதிப் பார்த்தேன். அப்புறம் மெதுவாகச் செல்போனை எடுத்துத் தேடிப் படித்தேன்.

"என்ன மாப்ள, வருதா?"

"வந்துரும் மாமா. என்னன்னா, இந்த டிவி கம்பெனிக்கும் அந்த ஆப் கம்பெனிக்கும் ஒரு சின்னத் தகராறாம். வர்ற வருமானத்துல யாருக்கு எவ்வளவுன்னு ஒத்து வரலையாம். அதனால இவுக டிவில அவுக ஆப்பை விடலையாம்."

அத்தை கேட்டார்.

"டிவி நம்ம காசுல வாங்குனது. ஆப்புக்கும் நீங்க காசு கட்டியாச்சுங்கிறீக. அவுகளுக்குள்ள சண்டைன்னா நம்ம மகா ஏன் வரமாட்டேங்கிறா?"

நான் ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன்.

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். "ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேச அங்கன ஒரு பெரிய மனுசன்கூட இல்லையாக்கும்? சனி புடிச்சிருக்கும் அவுகளுக்கு. குச்சனூர் சனி கோயிலுக்கு வந்து எள்ளு வெளக்குப் போடச் சொல்லுங்க மாப்ள."

"அவுக அமெரிக்காவுல இருக்காக பெரியப்பா" என்றாள் ஈஸ்வரி.

"அதுக்கென்ன? சனிக்குத் தூரம் தெரியுமா?"

மகா எழுந்து வந்து, "அத்தான், விடுங்க. போன்லயே பாத்துக்கலாம்" என்று கிசுகிசுத்தாள். அது மாமா காதில் விழுந்துவிட்டது. கிசுகிசுத்தவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "உள்ளங்கையில பாக்குறதுக்கா மாப்ள ஊரையே கூட்டி வச்சிருக்கேன்?" என்றார்.

அந்த இடத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருக்கலாம். நான் மாமாவின் பைக்கை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் பறந்தேன். டிவியின் பின்னால் சொருகினால் எல்லா ஆப்பும் வரும் என்று ஒரு குச்சி மாதிரி சாமான் விற்பார்கள். அதை வாங்கிக்கொண்டு வீரனைப் போலத் திரும்பி வந்து சொருகினேன். டிவி புதுப் பொலிவோடு எழுந்தது. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தக் குச்சியைச் செய்த கம்பெனி தானே ஒரு படம் காட்டும் ஆப்பும் நடத்துகிறதாம். மகாவின் ஆப் அதற்குப் போட்டியாம். ஆகவே உள்ளே விடமாட்டார்களாம். இது நான் சொருகிய பிறகு தெரிந்துகொண்டது.

"இவனுக்கும் அவனுக்கும் ஆகாதா?" என்றார் மாமா. குரலில் லேசான மாற்றம். எனக்குக் கொடுக்கும் மரியாதை படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆகாது மாமா."

"யாருக்கும் யாருக்கும்தான் மாப்ள ஆகும்?"

ஈஸ்வரியின் போனிலிருந்து படத்தை டிவிக்கு அனுப்பிப் பார்த்தேன். அந்தப் போன், தன் கம்பெனி டிவியாக இருந்தால்தான் அனுப்புவேன் என்றது. கடைசியாகப் பையிலிருந்து அலுவலக லேப்டாப்பை எடுத்தேன். கேபிளால் இணைத்தேன். அந்த ஆப்பைத் திறந்தேன். மகாவின் கதையைத் தட்டினேன்.

சத்தம் வந்தது!

இடி மாதிரி இசை, ஜீப் சத்தம், நாய் குரைப்பு. கூட்டம் கை தட்டியது. நான் வெற்றியோடு திரும்பிப் பார்த்தேன். டிவி கன்னங்கரேல் என்று இருந்தது. சத்தம் மட்டும் வீடு அதிர வந்துகொண்டிருந்தது. யாரும் படத்தைத் திருடிவிடக் கூடாது என்று ஆப்காரர்கள் போட்ட பூட்டாம் அது. கேபிள் வழியாகப் படத்தைப் போகவிடாதாம். நான் கேபிளைக் கழற்றி மாட்டினேன். துடைத்தேன். ஊதினேன். என் பதற்றத்தைப் பார்த்துப் பெரியப்பா, "இருட்டுல நடக்குற கதை போல. விடிஞ்சாத் தெரியும்" என்று எல்லோரையும் சமாதானப்படுத்தினார். அதை நம்பி, எல்லோரும் அந்தக் கறுப்புத் திரையையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு கதை கேட்டார்கள். நானும்தான் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

கொஞ்ச நேரத்தில் மகாவின் குரல் கேட்டது. "ஐயா, கெணத்துக்குள்ள யாரோ இருக்காங்கய்யா!"

மாமா முன்னால் சாய்ந்தார். "இது நம்ம புள்ள குரல்தான?"

"ஆமாப்பா" என்று ஈஸ்வரி சொல்ல, அவர் கறுப்புத் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், மகள் தெரிகிறாளா என்று பார்த்தார். அவர் முகம்தான் அதில் தெரிந்தது. மகா மூலையில் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்தக் கேபிளைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அந்தக் கிணற்றிலேயே குதிக்கலாம் போல இருந்தது.

"நிறுத்துங்க மாப்ள. போதும்" என்றார் மாமா.

நிறுத்தினேன். லேப்டாப்பை மூடியே விட்டேன். ஆனாலும் மகா பேசினாள். "ஐயா, கெணத்துக்குள்ள யாரோ இருக்காங்கய்யா!" முன்னைவிடத் தெளிவாக, வாசல் பக்கமிருந்து.

எல்லோரும் திரும்பினோம். எதிர்வீட்டுச் சின்னச்சாமியின் கூடத்து ஜன்னல் திறந்திருந்தது. அதற்குள்ளே சுவர் முழுக்க மகா. காக்கிச் சட்டை, இடுப்பில் பெல்ட்டு, தலையில் தொப்பி. நான் தள்ளிவிட்ட கம்பெனியின் டிவியில் பளிச்சென்று நின்றுகொண்டிருந்தாள். சின்னச்சாமி குடும்பத்தோடு உட்கார்ந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் லோயர் கேம்ப் சித்தி, வெற்றிலை துப்பிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். துப்ப எதிர்வீட்டுக்குள் ஏன் போகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பெரியப்பா, "காத்தே வரல இங்கன" என்று சொல்லிக் கிளம்பினார். தெருக்காரர்கள் காரணமே சொல்லவில்லை. அத்தை, "பாக்கியத்துக்கிட்ட அரிசி பொடைக்க ஒரு சொளகு வாங்கணும்" என்றார். (பாக்கியம் சின்னச்சாமியின் மனைவி. ஆண்கள் பேசாமல் இருந்த காலம் முழுக்க இவர்கள் இருவரும் கொல்லைப்புற வழியாகக் குழம்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்புறம் தெரிந்தது.) ஈஸ்வரி என் தோளைத் தட்டி, "நீங்க அப்பாகூட இருங்க" என்று சொல்லிவிட்டு, தங்கையையும் இழுத்துக்கொண்டு போயே விட்டாள்.

கூடத்தில் மாமாவும் நானும் புது டிவியும் மிஞ்சினோம். சும்மா விட்டதால் டிவி தானாக ஏதோ வெளிநாட்டு அருவியைக் காட்ட ஆரம்பித்தது. நாங்கள் சற்று நேரம் அருவியைப் பார்த்தோம்.

"சுருளித் தீர்த்தம் மாதிரி இருக்குல்ல மாமா" என்றேன்.

மாமா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தமிழில் எழுத்து இல்லை. எழுந்தார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கினார். எதிர்வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்து நானும் பின்னால் ஓடினேன். அவர் போகவில்லை. தெருவின் நட்டநடுவில், ஜன்னலுக்கு நேராக, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அவன் வாசப்படிய நான் மிதிக்கல. இது பஞ்சாயத்து ரோடு. எந்தப் பயலும் கேக்க முடியாது. வெயிலா இருக்கு மாப்ள. கொடை எடுத்துட்டு வாங்க."

கம்ப்யூட்டர் மாப்பிள்ளை குடை பிடித்துக்கொண்டு நின்றான். ஜன்னலுக்குள்ளிருந்து எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். சின்னச்சாமி எழுந்து வந்து ஜன்னலின் பாதிக் கதவு மூடியிருந்ததையும் திறந்துவிட்டுப் போனார்.

திரையில் மகா மறுபடி வந்தாள். இந்த முறை அவளுடைய முக்கியமான இடம். பெரிய அதிகாரியை நேருக்கு நேர் நிமிர்ந்து பார்த்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சரியாக அந்த நேரத்தில் திராட்சைக் கூடை ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் வந்து, வழி கேட்டு ஹாரன் அடித்து உறுமியது. மாமா அசையவில்லை. டிராக்டரும் உறுமலை நிறுத்தவில்லை. மகா சொன்னது எதுவுமே கேட்கவில்லை. அவள் சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

மாமா நாற்காலியை விட்டு எழுந்தார். கழுத்து நரம்பு தெரியக் கத்தினார்.

"ஏப்பா சின்னச்சாமி! சத்தத்துல கேக்கலப்பா! அதைத் திருப்பிப் போடு!"

தெருவே நின்றுவிட்டது. டிராக்டர்காரர்கூட இன்ஜினை அணைத்துவிட்டார். பல வருடங்களுக்கு அப்புறம் அந்த வாயிலிருந்து அந்தப் பெயர் வந்திருக்கிறது. சின்னச்சாமி ரிமோட்டோடு ஜன்னலுக்கு வந்தார்.

"உள்ள வந்தா நல்லாக் கேக்கும்."

"இங்கனயே கேக்கும். நீ போடு."

"சாரமில்ல" என்றார் சின்னச்சாமி. பரவாயில்லை என்று சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் கேரளத்து வியாபாரப் பழக்கத்தில் அவருக்கு மலையாளம்தான் வரும். கொஞ்சம் திருப்பத் தெரியாமல் முதலிலிருந்து போட்டுவிட்டார். யாரும் முணுமுணுக்கவில்லை. டிராக்டர்காரர் கூடையிலிருந்து ஒரு கொத்து பன்னீர் திராட்சையை எடுத்துத் தின்றுகொண்டே முழுசாகப் பார்த்தார்.

மகாவின் இடம் வந்தது. அதிகாரியைப் பார்த்து, "தப்பு யாரு பண்ணாலும் தப்புதான்யா" என்றாள். அவ்வளவுதான் வசனம். மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். வெயில் என்றார். குடை நான் சரியாகத்தான் பிடித்திருந்தேன்.

மகா உள்ளேயிருந்து வந்து நாற்காலியின் பக்கத்தில் நின்றாள். மாமா திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். ஆனால் இந்த முறை சுவரிடம் இல்லை, அவளிடம்தான்.

"தொப்பி பெருசா இருக்கேத்தா ஒனக்கு."

"அளவுல கெடைக்கலப்பா."

"அடுத்த தடவை அளவாக் கேட்டு வாங்கு. கண்ண மறைக்குது."

அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். அத்தை எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியை எதிர்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். எல்லோரும் அங்கேயே சாப்பிட்டார்கள். மாமாவுக்கு மட்டும் ரோட்டில், நாற்காலியில். சின்னச்சாமி ஜன்னல் வழியாகத் தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆமா, மொதல்ல ஒங்க வீட்டுல இருந்து வெறும் சத்தமாக் கேட்டுச்சே. என்ன அது, ரேடியோவா?"

"அட, அது நம்ம மாப்ள வச்சது" என்றார் மாமா.

ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். மாமாவுக்குப் புரை ஏறியது. சின்னச்சாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பல வருடத்துப் பகையை இருவரும் சேர்ந்து என் தலையில் இறக்கி வைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் நான் பஸ் ஏறும்போது ஊருக்குள் என் பெயர் 'ரேடியோ மாப்பிள்ளை' என்று மாறியிருந்தது.

கொஞ்ச காலம் கழித்து அந்த இரண்டு கம்பெனிகளும் சமாதானமாகிவிட்டன. ஒருநாள் காலையில் மாமா வீட்டு டிவியில் அந்த ஆப் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. நான் துள்ளிக் குதித்துப் போன் செய்து சொன்னேன். மாமா நிதானமாக, "யாரு மாப்ள மொதல்ல எறங்கி வந்தாக?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அது தெரியாம என்னத்த சமாதானம்?" என்று வைத்துவிட்டார். மகாவின் அடுத்த சீரிஸ் வந்தபோதும் அவர் நாற்காலியோடு ரோட்டுக்குத்தான் போனார். இப்போது அது ஜன்னலுக்குச் சற்று நெருக்கமாகப் போடப்படுகிறது என்று அத்தை சொல்கிறார்.

போன வைகாசியில் மகாவுக்குக் கம்பத்தில் கல்யாணம். மண்டபத்தில் பெரிய திரை வைத்து மேடையில் நடப்பதைக் காட்டினார்கள். தாலி கட்டும் நேரத்துக்குச் சற்று முன்னால் நான் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை இருண்டது. நாதஸ்வரம் மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது. உதவலாமே என்று நான் இலையை விட்டுப் பாதி எழுந்தேன்.

மேடையிலிருந்து மைக்கில் மாமாவின் குரல் மண்டபம் முழுக்க ஒலித்தது.

"மாப்ள, நீங்க சாப்பிடுங்க. யாராவது அவரை உக்கார வைங்கப்பா!"